எவர்சில்வர் தகட்டில் பெரிய ஓட்டை: எந்தக் கருவி, எந்த வேகம்?

வடமராட்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கருப்பநீர் காய்ச்சுவதற்கு 304 தரத்து எவர்சில்வர் தகட்டில் ஒரு தொட்டி செய்வித்திருக்கிறார். தகடு 3 மில்லிமீற்றர் தடிப்பு. அடியில் 2 இஞ்சி வால்வு பூட்ட வேண்டும், அதற்கு 60 மில்லிமீற்றர் ஓட்டை. பக்கத்தில் கழுவும் சிங்கில் குழாய்க்கு 35 மில்லிமீற்றர் ஓட்டை. அந்தத் தகடு 1 மில்லிமீற்றர். கையில் இருப்பது 13 மில்லிமீற்றர் சக் உள்ள சாதாரண ஹாமர் ட்ரில். வாங்கிய இரண்டு ஹோல்சோவும் (விளிம்பில் பல் உள்ள வட்ட வாள்) பல் கொட்டிவிட்டன. தகட்டில் நீல நிறத்தில் ஒரு வளையம் விழுந்ததுதான் மிச்சம். இன்னும் விலை கூடிய ஹோல்சோ வாங்குவதா, பிளாஸ்மா (மின் சுடரால் உலோகம் வெட்டும் மெசின்) வைத்திருப்பவரிடம் கொண்டுபோவதா, ஹைட்ரோலிக் பஞ்ச் (எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டை குத்தும் கருவி) ஒன்று வாங்குவதா என்று கேட்கிறார்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். 60 மில்லிமீற்றருக்குக் கார்பைட் (உருக்கைவிடக் கடினமான பொருள்) பல் வைத்த கட்டர், மெதுவாகச் சுற்றும் இயந்திரத்தில். சிங்கின் 35 மில்லிமீற்றருக்கு ஸ்ரெப் ட்ரில் (படிப்படியாகப் பெருக்கும் கூம்பு ட்ரில்) அல்லது பஞ்ச். ஆனால் அந்த ஹாமர் ட்ரில்லிலேயே வைத்து ஹோல்சோவை மட்டும் மாற்றினால் மூன்றாவதும் இதே வழியில்தான் போகும். பிழை ஹோல்சோவில் அல்ல, வேகத்தில்.

ஏன் என்று விளங்கிக்கொண்டால் பிறகு எந்தக் கடையில் எதைக் காட்டினாலும் நீங்களே தீர்மானிக்கலாம். 304 என்பது ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் சேர்ந்த உருக்கு. இதற்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, சூட்டை நன்றாகக் கடத்தாது; சாதாரண இரும்போடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். இரும்பை வெட்டும்போது பல்லில் உண்டாகும் சூடு தகட்டுக்குள் பரவிப் போய்விடும். எவர்சில்வரில் அது போக இடமில்லாமல் பல் நுனியிலேயே நிற்கும். சாதாரண ஹைஸ்பீட் உருக்குப் பல் 600 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும். இரண்டாவது குணம் இன்னும் பொல்லாதது: உரச உரச இறுகும். பல் வெட்டாமல் மேலால் தேய்த்துக்கொண்டு போனால், தேய்ந்த இடம் முன்பு இருந்ததைவிடக் கடினமாகிவிடும். அடுத்த சுற்றில் பல் அந்த இறுகிய தோலில்தான் மோதும். இன்னும் தேயும், இன்னும் இறுகும். உங்கள் தகட்டில் கிடக்கும் நீல வளையம் இந்தச் சூடும் இறுகலும் விட்ட அடையாளம்தான்.

ஆகவே இரண்டு விதி. மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றும் நேரமெல்லாம் அழுத்தி வெட்ட வேண்டும். மெதுவாகச் சுற்று, பயப்படாமல் அழுத்து என்று இளம் பெடியளுக்கு நான் சொல்வது இதைத்தான். பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்; கெதியாகச் சுற்றவிட்டு, பல் உடைந்துவிடும் என்று பயந்து மெல்ல மெல்லத் தொடுகிறார்கள்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. பைமெற்றல் (இரண்டு வகை உருக்கை ஒட்டிய) ஹோல்சோவின் பல் நுனி எவர்சில்வரில் நிமிடத்துக்கு 10 முதல் 15 மீற்றர் தூரம் ஓடலாம். கார்பைட் பல் என்றால் 20 முதல் 30 மீற்றர் வரை போகலாம். 60 மில்லிமீற்றர் கட்டர் ஒரு சுற்றுச் சுற்ற அதன் பல் 188 மில்லிமீற்றர் ஓடும். 12 மீற்றரை அதால் பிரித்தால் நிமிடத்துக்கு 64 சுற்று. கார்பைட்டுக்கு 25 மீற்றர் என்று வைத்தால் 130 சுற்று. இப்போது உங்கள் ஹாமர் ட்ரில்லின் தகட்டைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். அந்த வகையில் பெரும்பாலும் 2800 என்றுதான் எழுதியிருக்கும். 60 மில்லிமீற்றர் கட்டரை அதில் முழு வேகத்தில் விட்டால் பல் நிமிடத்துக்கு 528 மீற்றர் ஓடுகிறது. தாங்க வேண்டியதைப் போல நாற்பது மடங்கு. எந்தக் கம்பனியின் பல்லும் நிற்காது. விசையை அரைகுறையாக அழுத்தி வேகத்தைக் குறைத்தால் அந்த வகை மோட்டருக்கு வலு இருக்காது. தகட்டில் பிடித்தவுடன் நின்றுவிடும், நின்று நின்று மோட்டரும் சுட்டுவிடும்.

வேகம் அளக்கும் கருவி தேவையில்லை. சக்கில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். கோடு ஒரு செக்கனில் ஒரு தரம் கண்ணுக்கு முன் வந்தால் 60 சுற்று. இரண்டு தரம் வந்தால் 120. பைமெற்றலுக்கு முதலாவது, கார்பைட்டுக்கு இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூட. இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் எல்லோரும், இவ்வளவு மெதுவா என்றுதான் கேட்பார்கள். ஓம், இவ்வளவு மெதுவாகத்தான்.

இந்த வேகம் எங்கே கிடைக்கும்? இரண்டு கியர் உள்ள பற்றரி ட்ரில்லில் முதலாம் கியரில் 400, 500 சுற்று மட்டும் வரும். விசையைப் பாதிக்குக் குறைவாகப் பிடித்தால் 130க்கு இறங்கும், கியர் இருப்பதால் வலுவும் குறையாது. பக்கப் பிடி பூட்டக்கூடிய நல்ல 18 வோல்ற் மெசின் என்றால் 3 மில்லிமீற்றரில் 60 ஓட்டை போட்டுவிடும். மேசையில் வைக்கும் சின்னப் பில்லர் ட்ரில்லை நம்ப வேண்டாம். அவற்றில் பெல்ற்றை எவ்வளவு இறக்கினாலும் பல மெசின்கள் 500க்குக் கீழே வராது. நிலத்தில் நிற்கும் பெரிய பில்லர் ட்ரில், அல்லது லேத் பட்டறையில் உள்ள மில்லிங் மெசின், இவைதான் இந்த வேலைக்கு உகந்தவை.

சரி, கட்டருக்கு வருவோம். பைமெற்றல் ஹோல்சோ என்பது வளையக்கூடிய உருக்கு உடலில் ஹைஸ்பீட் உருக்குப் பல்லை ஒட்டியது. நல்லதில் பல்லுக்கு 8 வீதம் கோபால்ட் கலந்த எம்42 என்ற உருக்கைப் பாவிப்பார்கள். அது சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 60 சுற்றில் ஓட்டி, எண்ணெய் விட்டு, சீராக அழுத்தினால் எவர்சில்வரையும் வெட்டும். ஆனால் பல் சின்னது, நெருக்கமானது. சுருள் வெளியே வர இடமில்லாமல் வெட்டுக்குள்ளேயே அடைந்து அரைபடும். கார்பைட் கட்டரில் பல் குறைவு, ஒவ்வொன்றும் தடிப்பு, நடுவில் சுருள் வர வாய்க்கால் உண்டு. தகட்டு வேலைக்கு வருகிற குட்டை வகையில் கழுத்தில் ஒரு விளிம்பு இருக்கும். ஓட்டை விழுந்தவுடன் அது தகட்டில் முட்டி நின்றுவிடும், கை உள்ளே பாயாது. விலை இரண்டு மூன்று மடங்கு கூட. ஆனால் இரண்டு ஹோல்சோவை ஏற்கனவே இழந்தவருக்கு அந்தக் கணக்கை நான் சொல்லத் தேவையில்லை. கார்பைட்டுக்கு ஒரே ஒரு பலவீனம், அதிர்வு. ஹாமர் விசை போட்டிருந்தாலோ, தகடு துள்ளினாலோ, சக் ஆடினாலோ பல் கண்ணாடி மாதிரி உடையும்.

கடையில் பார்க்கும்போது நடுக் குத்து ட்ரில்லையும் கழற்றிப் பாருங்கள். கட்டர் நல்லதாக இருந்து, அதோடு வந்த 6 மில்லிமீற்றர் ட்ரில் மட்டமாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே நின்றுவிடும். 5 வீதம் கோபால்ட் உள்ள எம்35, நுனி 135 பாகையில் பிளவாகத் தீட்டியது, இதுதான் வேண்டும். சென்ரர் பஞ்சை ஓங்கி அடிக்கவும் கூடாது. அடித்த இடமும் இறுகும். மெல்ல ஒரு தட்டு காணும்.

என் வாழ்க்கையில் இந்தப் பாடம் வந்தது குருநகர்ப் பக்கம் மீன் வாடி ஒன்றுக்குச் செய்த ஐஸ் தாங்கியில். 3 மில்லிமீற்றர் தகடு, 48 மில்லிமீற்றரில் ஆறு ஓட்டை. நாலு ஓட்டை வடிவாக விழுந்தது. ஐந்தாவது பாதி வெட்டியிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கட்டர் வெட்டுக்குள்ளேயே நின்றது. கரண்ட் வந்தபோது, பல் பிடித்து உடைந்துவிடுமோ என்று பயந்து, அழுத்தாமல் சும்மா சுற்றவிட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை. முதலில் சத்தம் மாறியது. கரகரவென்று இருந்தது கீச்சென்று ஆனது. பிறகு எண்ணெய் புகைந்தது. தூக்கிப் பார்த்தால் வெட்டின் அடி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, பல் எல்லாம் மொட்டை. புதுக் கட்டரை மாட்டப் போனபோது, எனக்கு வேலை பழக்கிய பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தகட்டைத் திருப்பிப் போடு என்றார். நடு ஓட்டை ஏற்கனவே மறுபக்கம் வந்திருந்தது. அதையே வழியாக வைத்து மறுபக்கத்திலிருந்து வெட்டினோம். அந்தப் பக்கம் இறுகாத புதுத் தோல். கட்டர் வெண்ணெயில் போவது போல இறங்கியது. கடைசியில் பழைய வெட்டைச் சந்திக்கும்போது, மிச்சம் இருந்த இறுகிய தோல் கடதாசி அளவுதான்.

உங்கள் தொட்டியிலும் இதையே செய்யுங்கள். வெளிப்பக்கத்தில் நீல வளையம் கிடந்தால் உள்ளிருந்து வெட்டுங்கள். உள்ளே மெசின் நுழைய இடமில்லை என்றால், கார்பைட் பர் (சுற்றும் சின்ன அரம்) ஒன்றை டை கிரைண்டரில் பூட்டி அந்த வளையத்தின் பளபளப்பை உடைத்துவிட்டு, பிறகு கட்டரை வையுங்கள். பழைய கட்டரை மட்டும் திரும்ப வைக்காதீர்கள்.

வெட்டும் முன் ஒரு விஷயம், இது கருவியைவிட முக்கியம். 2 இஞ்சி என்றால் 60 மில்லிமீற்றர் என்று எடுத்திருக்கிறீர்கள். 2 இஞ்சிப் பைப்பின் வெளி விட்டம் 60.3, மரை 59.6. பின் நட் போட்டு இறுக்கும் தாங்கி கனெக்ரர் என்றால் 60 அல்லது 61 சரி. ஆனால் சொக்கற் (உள்ளே மரை வெட்டிய குட்டைக் குழாய்) வைத்து வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. சொக்கற்றைத் தகட்டுக்குள் நுழைத்து வெல்ட் பண்ணுவதாக இருந்தால் ஓட்டை சொக்கற்றின் வெளி விட்டத்துக்கு வேண்டும், அது 60 அல்ல, 70க்குக் கிட்ட வரும். தகட்டின் மேல் வைத்து வெல்ட் பண்ணுவதாக இருந்தால் உள் துவாரத்தின் அளவு போதும். சொக்கற்றைக் கையில் எடுத்து வேர்ணியரால் அளந்துவிட்டுத்தான் கட்டர் வாங்கப் போக வேண்டும். பெரிதாகப் போன ஓட்டையைச் சின்னதாக்க ஒரு கருவியும் இல்லை.

இனி வெட்டும் முறை. தகட்டுக்குக் கீழே தடித்த பலகை ஒன்றை வைத்து, தகட்டையும் பலகையையும் சேர்த்து இரண்டு கிளாம்பால் இறுக்குங்கள். பனம் பலகைத் துண்டு கிடந்தால் அதுவே நல்லது, தகடு துள்ளாது. நடு ஓட்டை விழுந்து பற்கள் தகட்டைத் தொடும் இடம்தான் நுட்பம். எல்லாப் பல்லும் ஒன்றாகத் தொடும்வரை மெசினைச் செங்குத்தாகப் பிடியுங்கள். தொட்டவுடன் உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். சுருள் வரத் தொடங்கும். அது வெள்ளியாக, அல்லது இலேசான வைக்கோல் நிறமாக இருந்தால் எல்லாம் சரி. நீலமானால் வேகம் கூட. சுருளே வராமல் தூளாக வந்தால் அழுத்தம் காணாது. இளைப்பாற வேண்டுமென்றால் அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். கட்டரை முழுதாக வெளியே தூக்கி, சுருளைத் தட்டி, எண்ணெய் விட்டு, திரும்ப அழுத்தத்தோடு இறங்குங்கள். வெட்டு முடியும் இடத்தில் ஒரு பல் மாட்டினால் மெசின் உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிடும். பக்கப் பிடி இல்லாமல் 60 மில்லிமீற்றர் கட்டரைத் தொடவே வேண்டாம். விசையை லொக் பண்ணவும் வேண்டாம். சுற்றும் மெசினில் கையுறை போடக் கூடாது, அது சுருளோடு கையையும் இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். எவர்சில்வர்ச் சுருள் ஊசி மாதிரி.

பைமெற்றலில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு உபாயம். வெட்டும் கோட்டில், கழிவுப் பக்கமாக, 6 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்றிரண்டை முதலே போட்டுவிடுங்கள். சுருள் அந்த வழியாகக் கீழே கொட்டும், வெட்டுக்குள் அரைபடாது. கார்பைட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பல் அந்த ஓட்டையின் விளிம்பில் மோதும்.

எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எவர்சில்வருக்கென்று வரும் வெட்டெண்ணெய் அல்லது பேஸ்ற் கிடைத்தால் அதுதான் முதல். கிடைக்காவிட்டால் பழைய எஞ்சின் ஓயிலை எடுக்காதீர்கள். அது வெட்டும் இடத்துக்குச் செய்த எண்ணெய் அல்ல. அதோடு நீங்கள் செய்வது வாயில் போகும் பாணி காய்ச்சும் தொட்டி. நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் பாவியுங்கள். தாவர எண்ணெய் அழுத்தத்தில் உலோகத்தோடு ஒட்டி நிற்கும். மெல்லிய தகட்டுக்கு அது தாராளமாகக் காணும். புகையத் தொடங்கினால் சூடு கூடிவிட்டது என்ற செய்தியும் அதிலேயே கிடைக்கும்.

சிங்கின் 35 மில்லிமீற்றர் சுலபமான வேலை. 1 மில்லிமீற்றர் தகட்டில் ஸ்ரெப் ட்ரில் நன்றாகப் போகும். படி ஒன்றின் உயரம் தகட்டின் தடிப்பைவிடக் கூடவாக இருக்க வேண்டும், கடைசிப் படி 35 ஆக இருக்க வேண்டும். இரண்டையும் பார்த்து வாங்குங்கள். பெரிய படிகளுக்கு வரவர வேகத்தைக் குறையுங்கள்.

பஞ்ச் இதைவிட வடிவான கருவி. நடுவில் ஓர் ஓட்டை போட்டு, போல்ற் ஒன்றை நுழைத்து, ஒரு பக்கம் டை, மறுபக்கம் வெட்டும் வாய், இரண்டையும் இறுக்கி இழுக்க ஓட்டை விழுந்துவிடும். சூடு இல்லை, சத்தம் இல்லை, சுருள் இல்லை. சிங்க் பூட்டுவதே தொழிலாக உள்ளவர் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் உங்கள் 3 மில்லிமீற்றருக்கு அது சரிவராது. 304 தகட்டை அறுக்க வேண்டிய விசையைக் கணக்குப் பார்த்தால், 60 மில்லிமீற்றர் ஓட்டைக்கு 3 மில்லிமீற்றர் தடிப்பில் 25 தொன்னுக்கு மேல் வருகிறது. வெட்டும் வாய் சரிவாக இருப்பதால் அவ்வளவும் ஒரே நேரத்தில் தேவைப்படாது என்றாலும், 8 தொன், 10 தொன் கைப்பம்ப் செற்றுக்கு அது அளவு மீறிய வேலை. பெட்டியில் 3 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் அது சாதாரண இரும்புக்கு. எவர்சில்வருக்கு எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, சில செற்றில் 2 இஞ்சி என்று அடித்திருப்பது கொண்டுயிற் (மின் வயர் போகும்) பைப்பின் அளவு. அது வெட்டும் ஓட்டை 62 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும்.

மக்னற் ட்ரில் வாடகைக்கு எடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த தகட்டில் அதன் கட்டர் அருமையாக வெட்டும். ஆனால் 304இல் காந்தம் பிடிக்காது. தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கிளாம்ப் பண்ணி அதன்மேல் மெசினை நிறுத்த வேண்டும். தொட்டியின் அடியில் அது வீண் சிரமம். காந்தத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது 304 என்று நம்பாதீர்கள். நிக்கல் குறைந்து மங்கனீசு கூடிய 201 தகட்டிலும் காந்தம் ஒட்டாது, விலை குறைவு, உப்பில் கெதியாகக் கறள் பிடிக்கும்.

பிளாஸ்மா 3 மில்லிமீற்றரை ஒரு நிமிடத்துக்குள் வெட்டிவிடும். காஸ் கட்டிங்கில் எவர்சில்வர் வெட்டுப்படாது, குரோமியம் ஒக்சைட் உருகாமல் தடுத்துவிடும். பிளாஸ்மாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கையால் வெட்டிய வட்டம் வட்டமாக இராது, விளிம்பு சரியும், கீழே கசடு ஒட்டும், சுற்றிவரக் கருகும். சொக்கற் வெல்ட் பண்ணும் வேலைக்கு, அரைத்துச் சுத்தம் செய்தால் ஒப்புக்கொள்ளலாம். பின் நட்டும் றப்பர் வாசரும் போட்டு இறுக்கும் வேலைக்கு வேண்டாம், ஒழுகும். வெட்டும்போது வரும் புகையில் ஆறு வலுக் குரோமியம் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மூடிய கொட்டிலுக்குள் வைத்து வெட்ட விடாதீர்கள். 150 மில்லிமீற்றருக்கு மேல் போகும் ஓட்டைகளுக்கு ஜிக்சோவில் நுண்பல் பிளேட் அல்லது கிரைண்டரில் 1 மில்லிமீற்றர் தட்டு பாவிக்கலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

கிரைண்டர், அரம், கம்பித் தூரிகை எதுவாக இருந்தாலும், இரும்பில் பாவித்ததை எவர்சில்வரில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் தோலில் பதிந்து இரண்டு கிழமையில் தேநீர்க் கறை மாதிரி எழும்பும். எங்கள் ஊரில் இது இன்னும் கெதியாக நடக்கும். கடற்காற்று ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் கிணற்றில் ஏறிவரும் உவர் மறுபக்கம். இரண்டிலும் உள்ள குளோரைட்டுக்கு 304 முழுதாக ஈடுகொடுக்காது. வெட்டு முடிந்ததும் புது அரைவட்ட அரத்தால் இரண்டு பக்கமும் பிசிறு எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெயையும் சுருளையும் ஒரு துளி விடாமல் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காய விடுங்கள்.

ஒரே ஒரு தொட்டிதான் என்றால் மெசினுக்குக் காசு செலவழிக்காதீர்கள். சொக்கற்றை அளந்து, அந்த அளவுக்குக் கார்பைட் கட்டரை நீங்களே வாங்கி, தொட்டியையும் ஏற்றிக்கொண்டு பெரிய பில்லர் ட்ரில் உள்ள பட்டறைக்குப் போங்கள். பட்டறையில் கிடக்கும் கட்டர் எத்தனை இரும்பு வெட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. பெல்ற்றை வேகம் ஆகக் குறைந்த கடைசிப் பள்ளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சக்கில் சோக்கால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.